ஆலைக் கரிமத் திரவங்களைச் சுத்திகரிக்கும் முறைகள்: காப்புரிமைப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ஒரு மாதிரிக் கோரிக்கையை (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியத்தை)ச் சுற்றி வருகின்றன. கியூமீன் என்ற ஹைட்ரோகார்பன் வழியில் ஃபீனால் செய்யும்போது ஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற மாசு கூடவே வரும். ஆலைகளில் இதை அசிட்டால் என்பார்கள். வடித்தல் டவரில் இது முழுசாகப் பிரியாது. மிஞ்சி நின்றால் பிஸ்ஃபீனால்-ஏ, பாலிகார்பனேட் என்று அடுத்தடுத்த பொருள்களின் நிறத்தைக் கெடுக்கும். சல்போனிக் அமில ரெசின் (அமிலக் குழுக்கள் ஏற்றிய பிளாஸ்டிக் மணிகள்) நிரப்பிய பெட் வழியே ஓட்டினால் அசிட்டால் ஃபீனாலுடன் சேர்ந்து 2-மெத்தில்பென்சோஃபியூரான் ஆகும், தண்ணீர் வெளியேறும். இவ்வளவும் பழைய செய்தி.

விளக்கத்துக்காகப் புனைந்த கோரிக்கை இது: "ஃபீனாலிலிருந்து அசிட்டாலை நீக்கும் முறை, (அ) ஃபீனாலை 80–110 டிகிரி செல்சியஸில் சல்போனிக் ரெசின் பெட் வழியே செலுத்துவது, (ஆ) வெளிவரும் திரவத்தின் தண்ணீரை 0.1 எடை விழுக்காட்டுக்குக் கீழே இறக்குவது. (இ) அதை இரண்டாவது ரெசின் பெட் வழியே செலுத்துவது."

எதிரே பரிசோதகர் (விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலக அதிகாரி) வைக்கும் பழைய ஆவணங்கள் இரண்டு என்று கொள்வோம். ஆவணம் 1: ஒரே பெட், அதே ரெசின், 50–130 டிகிரி. ஆவணம் 2: பிஸ்ஃபீனால்-ஏ தயாரிப்பில் தண்ணீர் சேர்ந்தால் ரெசினின் வேகம் குறையும் என்று சொல்வது.

புதிய வேதிப்பொருள் எதுவும் இல்லை, வெறும் சுத்திகரிப்புதான். இதற்கெல்லாம் காப்புரிமை தருவார்களா?

தருவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செயல்முறை என்பதே தனி வகைக் கோரிக்கை. இந்தியாவில் கூடுதலாக ஒரு தடை உண்டு. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி) என்றதும் எல்லாருக்கும் மருந்துதான் நினைவுக்கு வரும். அதே பிரிவின் கடைசிப் பகுதியை யாரும் படிப்பதில்லை. தெரிந்த செயல்முறையை வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது; புதிய பொருள் விளைந்தாலோ, குறைந்தது ஒரு புதிய வினைப்பொருள் சேர்ந்தாலோதான் விலக்கு. சுத்திகரிப்பு முறையில் விளைபொருளும் பழையது, வினைப்பொருளும் பழையது. எனவே இந்த மறுப்பு கிட்டத்தட்ட உறுதியாக வரும்.

"எங்கள் ஃபீனால் அதிகத் தூய்மையானது, ஆகவே புதிய பொருள்" என்று பதில் எழுதுவது வீண். எங்கள் செயல்முறையே தெரிந்த செயல்முறை அல்ல என்று காட்டுவதுதான் சரியான வழி. படிகளின் வரிசை எந்த ஆவணத்திலும் இல்லை, ஆகவே "தெரிந்த செயல்முறையைப் பயன்படுத்துதல்" என்ற பேச்சே எழாது என்று வாதிட வேண்டும். இந்த வாதம் நிற்க, படி (ஆ) போன்ற ஒன்று கோரிக்கையிலேயே இருக்க வேண்டும். வெப்பநிலையை மட்டும் நகர்த்திய கோரிக்கைக்கு இந்தத் துணை கிடையாது.

பரிசோதகர் எங்கெல்லாம் தேடுவார்?

சர்வதேச வகைப்பாட்டில் ஃபீனால் சுத்திகரிப்பு சி07சி 37/68-இல் தொடங்கும். திடப்பொருளோடு தொடுத்துச் சுத்திகரிப்பது 37/82, மாசை வேதிவினையால் மாற்றுவது 37/86. நம் கோரிக்கை இரண்டிலும் விழும். அதோடு நிற்கமாட்டார்: ஹைட்ரோகார்பன் சுத்திகரிப்புக்கு சி07சி 7, கார்பாக்சிலிக் அமிலங்களுக்கு சி07சி 51/42, சுத்திகரிப்பு ஆலைத் திரவங்களுக்கு சி10ஜி 25, அயனிப் பரிமாற்றத்துக்கு பி01ஜே 39 என்று பக்கத்து வீடுகளையும் தட்டுவார். தட்டவும் வேண்டும். அசிட்டிக் அமிலத்திலிருந்து அயோடைடை நீக்க வெள்ளி ஏற்றிய ரெசின், அரோமேட்டிக் திரவத்தின் ஒலிஃபீன்களை நீக்கக் களிமண் பெட் என்று ஒரு தொழிலில் பழகியவை, இன்னொன்றில் "புதுமை" என்று அடிக்கடி வேஷம் கட்டி வரும்.

விண்ணப்பம் போடும் முன் நீங்களும் இதே வகைகளில் தேடிவிடுவது நல்லது. சொல்லை வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும்: ஒருவர் ஹைட்ராக்சிஅசிட்டோன் என்பார், ஒருவர் அசிட்டால் என்பார், இன்னொருவர் கார்பனைல் மாசு என்று பொதுவாக முடித்திருப்பார்.

எங்கள் ஃபீனாலில் அசிட்டால் 10 பிபிஎம்-க்கும் (பத்து லட்சத்தில் 10 பங்குக்கும்) கீழே. முந்தைய ஆவணத்தில் அந்த எண்ணே இல்லை. அது போதாதா?

போதாது. படிகள் அப்படியே பழைய ஆவணத்தில் இருந்தால், கிடைக்கும் தூய்மை அதிலேயே அடங்கியிருந்தது என்று பரிசோதகர் சொல்வார். பழைய ஆசிரியர் அளக்காமல் விட்டது உங்கள் கண்டுபிடிப்பு ஆகாது. எண் நிற்க வேண்டுமானால், பழைய எடுத்துக்காட்டை அதே ரெசின், அதே வேகம், அதே வெப்பநிலையில் திரும்பச் செய்து, அங்கே 10-க்குக் கீழே இறங்கவில்லை என்று காட்டுங்கள்.

பொருளையே தூய்மை அளவோடு கோருவது வேறு கதை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் வழக்கமான சுத்திகரிப்பால் எட்டக்கூடிய தூய்மைக்குப் புதுமை இல்லை என்பதே நெடுநாள் போக்கு. டி 1085/13 என்ற மேல்முறையீட்டு முடிவு அதைத் தளர்த்தியது: அந்தத் தூய்மை முந்தைய ஆவணத்தில் நேரடியாகவோ உள்ளடங்கியோ வெளிப்பட்டிருந்தால்தான் புதுமை போகும். புதுமை தப்பினாலும், "தூய்மையைக் கூட்ட யார்தான் விரும்பமாட்டார்?" என்ற அடுத்த கேள்வி காத்திருக்கும்.

எங்கள் வெப்பநிலை 80–110, அவர்களுடையது 50–130. அகன்ற எல்லைக்குள் குறுகிய எல்லை. இது தேர்வுக் கண்டுபிடிப்பு ஆகாதா?

ஐரோப்பாவில் இரண்டு சோதனை: எடுத்த எல்லை குறுகலாக இருக்க வேண்டும், பழைய ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளிலிருந்தும் முனைகளிலிருந்தும் போதுமான தூரத்தில் இருக்க வேண்டும். 80 டிகிரி பழைய அகலத்தில் 30 டிகிரி 'குறுகல்' என்று சொல்வது கடினம். ஆவணம் 1-இல் 90 டிகிரியில் ஒரே ஒரு எடுத்துக்காட்டு இருந்தாலும் பேச்சு முடிந்தது.

அமெரிக்காவில் எல்லைகள் மேற்பொருந்தினாலே 'வெளிப்படையானது' (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது) என்று முதல் பார்வையில் கொள்வார்கள். அதை முறிக்கும் பொறுப்பு உங்களுடையது. எல்லைகள் மேற்பொருந்தாவிட்டாலும் சிக்கல் உண்டு என்பதற்கு எல்லாரும் காட்டும் 1955-ஆம் ஆண்டின் ஆலர் வழக்கும் ஃபீனால் வழக்குதான் என்பது பலர் கவனிக்காத விஷயம். ஹைட்ரோபெராக்சைடைக் கந்தக அமிலத்தால் பிளக்கும் வினையில் பழையது 100 டிகிரி, 10 விழுக்காடு அமிலம். கோரியது 40–80 டிகிரி, 25–70 விழுக்காடு அமிலம். பொதுவான நிலைமைகள் தெரிந்திருக்கும்போது சிறந்த எல்லையை வழக்கமான சோதனையால் கண்டுபிடிப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று தீர்ந்தது. விளைச்சல் கூடியும் காப்பாற்றவில்லை.

ஆகவே வெப்பநிலையை மட்டும் நம்பி வழக்கை நடத்தாதீர்கள். அது துணைக்கோரிக்கையில் இருக்கட்டும்.

ஆவணம் 1-உம் 2-உம் சேர்த்தால் எங்கள் முறை வெளிப்படை என்கிறார் பரிசோதகர். எப்படி மறுப்பது?

முதலில் அவர் பக்க நியாயத்தை ஒப்புக்கொள்ளுங்கள். பிஸ்ஃபீனால்-ஏ, ஃபீனால் ஆலையின் பக்கத்துத் தொழில். ரெசினும் ஒரே வகை. தண்ணீர் சல்போனிக் குழுக்களைப் பற்றிக்கொண்டு அமில வலிமையைக் குறைப்பதும் பாடப்புத்தகச் செய்தி. "வேறு துறை" என்று வாதிட்டால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கைதான் போகும்.

ஆவணம் 2 படித்தவர் உண்மையில் என்ன செய்வார்? ஃபீடை (பெட்டுக்குள் போகும் திரவத்தை) முன்கூட்டியே உலர்த்துவார். ஒரே பெட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் உலர்த்தத் தோன்றுமா? தோன்றாது என்று சொல்ல வேண்டுமானால், முன்கூட்டி உலர்த்திய ஓட்டத்தோடு உங்கள் ஓட்டத்தை ஒப்பிட்ட தரவு கையில் இருக்க வேண்டும். உலர்த்தாத ஓட்டத்தோடு மட்டும் ஒப்பிட்ட அட்டவணை இங்கே உதவாது. பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்: தங்களுக்கு வசதியான பழைய முறையோடு ஒப்பிட்டிருப்பார்கள், பரிசோதகர் கையில் இருப்பதோடு அல்ல.

இந்தியச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ) தொழில்நுட்ப முன்னேற்றத்தோடு பொருளாதார முக்கியத்துவத்தையும் ஏற்கிறது. ரெசின் மாற்றும் இடைவெளி நீள்கிறது, நீராவிச் செலவு குறைகிறது என்ற கணக்கு இருந்தால் கொடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. துறை அறிந்தவருக்கு வெளிப்படையாக இல்லாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதே வரியில் தொடர்கிறது.

ஒப்பீட்டு அட்டவணையில் என்னென்ன இருக்க வேண்டும்?

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும்.

வேறுபடுத்தும் அம்சம் ஒன்று மட்டுமே மாற வேண்டும். ஒரு பெட்டில் 1 லிட்டர் ரெசின் வைத்து ஓட்டியதை, இரண்டு பெட்டில் 1 லிட்டர் வீதம் வைத்து ஓட்டியதோடு ஒப்பிட்டால், தண்ணீரை எடுத்ததால் வந்த பலனா, ரெசின் இரட்டிப்பானதால் வந்த பலனா என்று யாருக்கும் தெரியாது. மொத்த ரெசின் அளவு சமமாக இருக்கட்டும்: 1 லிட்டர் எதிரே அரை லிட்டர் இரண்டு. ஃபீட் ஒரே தொட்டியிலிருந்து வரட்டும்.

பொருள் சமநிலையைப் போட்டுப் பாருங்கள். பரிசோதகர் போடாவிட்டாலும் எதிர்ப்பு மனு கொடுப்பவர் போடுவார். ஒரு மோல் அசிட்டால் (74.1), ஒரு மோல் ஃபீனாலுடன் (94.1) சேர்ந்து ஒரு மோல் மெத்தில்பென்சோஃபியூரானும் (132.2) இரண்டு மோல் தண்ணீரும் தரும். அதாவது 1,000 பிபிஎம் அசிட்டால் முழுதும் இந்த வழியில் மாறினால் சுமார் 1,780 பிபிஎம் மெத்தில்பென்சோஃபியூரான் வர வேண்டும். அட்டவணையில் அசிட்டால் 1,000-இலிருந்து 10-க்கு இறங்கி, மெத்தில்பென்சோஃபியூரான் வெறும் 200 என்று இருந்தால், மீதி எங்கே? கனமான பொருள்களாக மாறியிருக்கலாம், ரெசினில் தங்கியிருக்கலாம். முதலாவது என்றால் நல்ல செய்தி, ஏனெனில் அவை வடித்தலில் அடியில் நின்றுவிடும். இரண்டாவது என்றால் பெட் அடைபடப் போகிறது என்று பொருள். எது என்று சொல்லாத அட்டவணை சந்தேகத்தைத்தான் விதைக்கும்.

இதே கணக்கு நம் மாதிரிக் கோரிக்கையையும் பதம் பார்க்கும். 1,000 பிபிஎம் அசிட்டால் முழுசாக வினைபுரிந்தாலும் பிறக்கும் தண்ணீர் சுமார் 490 பிபிஎம், அதாவது 0.05 விழுக்காடு. ஃபீட் உலர்ந்ததாக இருந்தால், முதல் பெட்டிலிருந்து வெளிவரும்போதே 0.1 விழுக்காட்டுக்குக் கீழேதான் இருக்கும்! உலர்த்தும் படி இல்லாமலே எல்லை நிறைவேறிவிடுகிறது. "இறக்குவது" என்ற வினைச்சொல்லால் புதுமை தப்பலாம், ஆனால் 0.1 என்ற எண்ணுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. 200 பிபிஎம், 100 பிபிஎம் என்ற அடுத்த படிகளை விவரக்குறிப்பில் (விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில்) எழுதி வைத்திருந்தால் மட்டுமே பின்வாங்க இடம் உண்டு.

ஓட்டிய நேரத்தையும் எழுதுங்கள். புது ரெசின் முதல் சில மணி நேரம் எதையும் சுத்தமாக்கும். அந்தப் பலனில் ஒரு பங்கு மாசு ரெசினில் போய் ஒட்டிக்கொள்வதால் வருவது. நிலையான நிலைக்கு வந்த பிறகு எடுத்த மாதிரிகள், அதன் பிறகு அசிட்டால் மெல்ல ஏறத் தொடங்கும் நேரம் இரண்டும் இருந்தால்தான் "நீண்ட ஆயுள்" என்ற வாதத்துக்குக் கால் முளைக்கும்.

20 முதல் 250 டிகிரி வரை என்று அகலமாகக் கோரினால் போட்டியாளர் தப்ப முடியாதே?

நீங்களும் தப்ப முடியாது. ஃபீனால் சுமார் 41 டிகிரியில் உறையும். 20 டிகிரியில் உலர்ந்த ஃபீனாலைப் பெட் வழியே ஓட்டவே முடியாது. மேல்பக்கம், சாதாரண ஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் சல்போனிக் ரெசின் 120–130 டிகிரியைத் தாண்டினால் அமிலக் குழுக்களை உதிர்க்கத் தொடங்கும். உதிர்ந்த அமிலம் பொருளோடு போய்க் கீழ்நிலைக் குழாய்களை அரிக்கும். ஆக, கோரிக்கையின் இரு முனைகளும் வேலை செய்யாதவை. போதிய வெளிப்பாடு இல்லை (எப்படிச் செய்வது என்று போதுமாக விளக்கவில்லை) என்ற மறுப்பு வரும். பலன் என்று நீங்கள் சொல்வது எல்லை முழுவதும் கிடைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அலுவலகத்தின் டி 939/92 முடிவிலிருந்தே நிலைத்த கொள்கை. இல்லாத பகுதியில் கண்டுபிடிப்புத் திறனும் போகும்.

அதிக வெப்பம் தாங்கும் ரெசின்களும் ஜியோலைட்டுகளும் உண்டு. அவற்றை உள்ளே கொண்டுவர விரும்பினால், வினையூக்கி வாரியாகத் தனித்தனி வெப்பநிலை எல்லையும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டும் தாருங்கள்.

"ஏறக்குறைய மாசற்ற", "குறைந்த அளவு தண்ணீர்" போன்ற சொற்களை ஏன் ஏற்பதில்லை?

எல்லை எங்கே என்று தெரியாததால். ஆனால் எண் போட்டாலும் தெளிவு வந்துவிடாது. பிபிஎம் எடையிலா மோலிலா? தண்ணீரைக் கார்ல் ஃபிஷர் முறையில் அளந்தால், கீட்டோன்கள் மெத்தனாலுடன் வினைபுரிந்து தண்ணீரை உண்டாக்கி அளவை ஏற்றிக் காட்டும். எந்த வினைக்கரைசல் என்று எழுதுங்கள். அசிட்டாலைக் கேஸ் குரோமட்டோகிராபில் அளந்திருந்தால் கண்டறியும் எல்லையைச் சொல்லுங்கள். "இல்லை" என்று எழுதியதும் "2 பிபிஎம்-க்குக் கீழ்" என்று எழுதியதும் ஒன்றல்ல.

ஓட்ட வேகத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. "மணிக்கு ரெசின் அளவைப்போல் 2 மடங்கு" என்பது தண்ணீரில் ஊறிய ரெசினின் கனஅளவா, ஃபீனாலில் நனைந்ததா? தண்ணீரில் ஊறிய ரெசினை ஃபீனாலால் கழுவும்போது பெட் சுருங்கும். எதை வகுத்தீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

ரெசினின் வணிகப் பெயரை எழுதினால் போதுமா?

எடுத்துக்காட்டில் எழுதலாம். கோரிக்கையில் கூடாது, நிறுவனம் நாளை அதே பெயரில் வேறு பொருளை விற்கலாம். பெயரோடு வகை (ஜெல்லா, பெருந்துளையா), குறுக்கிணைப்பு விழுக்காடு, லிட்டருக்கு எத்தனை சமானம் அமிலத் திறன், மணியின் அளவு ஆகியவற்றையும் சேர்த்து விடுங்கள்.

பரிசோதனை அறிக்கை வந்த பிறகு புதிய தரவு சேர்க்க முடியுமா?

விவரக்குறிப்பில் சேர்க்க முடியாது. ஐரோப்பாவில் காப்புரிமை உடன்படிக்கையின் உறுப்பு 123(2), இந்தியாவில் பிரிவு 59, இரண்டும் தாக்கல் செய்தபோது இல்லாததை உள்ளே விடாது. ஆனால் வாதத்துக்கு ஆதாரமாக, உறுதிமொழியோடு தரலாம். அமெரிக்காவில் இதற்கு விதி 132. ஐரோப்பிய அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட அமர்வு 2023 மார்ச்சில் ஜி 2/21 முடிவில் சொன்னது: நீங்கள் நம்பும் பலன், முதலில் தாக்கல் செய்த விண்ணப்பத்தின் போதனைக்குள் அடங்குவதாகத் துறை அறிந்தவர் காண முடிய வேண்டும். நிறத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, பின்னாளில் ரெசின் ஆயுள் நீண்டது என்று தரவு கொண்டுவந்தால் வாசலிலேயே நிற்கும்.

எனவே தாக்கல் செய்யும் நாளில் பலன்கள் அனைத்தையும், ஏன் வருகின்றன என்ற காரணத்தோடு, ஒரு வரியாவது எழுதி வையுங்கள். தரவு பின்னால் வரலாம்; வாக்கியம் வராது. "80–110, சிறப்பாக 85–100, அதிலும் சிறப்பாக 90–95" என்று அடுக்கு எல்லைகள் எழுதுவதும் இதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

ஆலையில் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு விண்ணப்பிக்கலாமா?

இரகசிய ஒப்பந்தம் இல்லாத ஒப்பந்தக்காரர், ரெசின் விற்பவர், பார்வையாளர் யாராவது பார்த்திருந்தால் ஆபத்து. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரின் சொந்த வெளிப்பாட்டுக்கு ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுச் சலுகை இல்லை. இந்தியாவில் பிரிவு 32, பொதுவெளியில் செய்தே தீர வேண்டிய நியாயமான சோதனை ஓட்டத்துக்கு ஓராண்டு இடம் தருகிறது. அதை நம்பிப் பிற நாட்டு உரிமையை இழக்காதீர்கள்.

காலக்கெடுக்கள்?

இந்தியாவில் 2024 மார்ச் 15 முதல் தாக்கலானவற்றுக்கு, பரிசோதனை வேண்டுகோளை முன்னுரிமை நாளிலிருந்து (முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து) 31 மாதத்துக்குள் தர வேண்டும், முன்பு 48. முதல் அறிக்கைக்குப் பதில் 6 மாதம், வேண்டினால் இன்னும் 3. அமெரிக்காவில் பொதுவாக 3 மாதம், கட்டணம் கட்டி 6 வரை. ஒப்பீட்டு ஓட்டம் ஒன்றுக்கு ரெசின் வரவழைத்து, நிலைநிறுத்தி, 500 மணி நேரம் ஓட்டினால் 6 மாதம் தாராளமில்லை. அறிக்கைக்காகக் காத்திருக்காமல், சர்வதேசத் தேடல் அறிக்கை கைக்கு வந்ததுமே நெருங்கிய ஆவணத்தோடு ஒப்பிடும் ஓட்டத்தைத் தொடங்கிவிடுங்கள்.

செயல்முறைக் காப்புரிமை கிடைத்தாலும், மூடிய ஆலைக்குள் யார் மீறுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடினம்தான். முறையிலிருந்து நேரடியாகக் கிடைத்த பொருளுக்கும் உரிமை நீளும். இந்தியாவில் பிரிவு 48, அமெரிக்காவில் பிரிவு 271(ஜி). இந்தியாவின் பிரிவு 104ஏ, சில நிலைகளில் 'நான் அந்த முறையைப் பயன்படுத்தவில்லை' என்று காட்டும் சுமையை எதிராளி மீது போடுகிறது. ஆனால் பொருள் புதியதாக இருக்க வேண்டும், அல்லது அதே முறையில் செய்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் நியாயமான முயற்சி எடுத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் நீங்கள் காட்ட வேண்டும்; எப்படியும் பொருள் ஒன்றே என்பதை முதலில் நிறுவுவது உங்கள் வேலை. ஃபீனால் புதியதல்ல என்பதால் இரண்டாம் வழிதான் மிச்சம்.

ஆகவே விற்பனைக்கு வரும் ஃபீனாலில் விடப்படும் தடயத்தைக் கோரிக்கையோடு இணைக்க முடியுமா என்று யோசியுங்கள். இரண்டாம் பெட்டில் மட்டும் உருவாகும் கனமான பக்கவிளைபொருள் சில பிபிஎம் மிஞ்சுமானால், அதன் உச்சியைக் குரோமட்டோகிராமில் அடையாளம் கண்டு விவரக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

நடுவில் உலர்த்தும் நுட்பத்தை மட்டும் இரகசியமாக வைத்துக்கொண்டு மற்றதைக் கோரலாமா?

இந்தியாவில் பிரிவு 10(4), விண்ணப்பதாரருக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறையை வெளியிடச் சொல்கிறது. உலர்த்துவதே கோரிக்கையின் படி என்னும்போது, வெற்றிட அழுத்தம், வெப்பநிலை, கூடவே ஆவியாகும் ஃபீனாலை எப்படி மீட்பது என்பதை எழுதாமல் விட்டால் பின்னாளில் காப்புரிமையையே இழக்கலாம். இரகசியமாக வைக்க வேண்டுமென்றால் கோரிக்கைக்கு வெளியே நிற்கும் விஷயங்களை வையுங்கள்: ரெசினைப் பெட்டில் நிரப்பும் விதம், மாற்றும் நேரத்தைக் கணிக்கும் கணக்கு போன்றவை.